புது டிராக்டரில் தீராத பழுது... ஆறாவது முறை ஷோரூம் போகும் முன்!

கேள்வி: "ஏழு மாதங்களுக்கு முன்பு 7,85,000 ரூபாய்க்கு 45 எச்.பி. டிராக்டர் வாங்கினேன். கூடவே 6 அடி ரோட்டவேட்டரும் எடுத்தேன். காலையில் நன்றாகத் தூக்குகிறது. ஒரு மணி நேரம் ஓட்டிய பிறகு, தூக்கி நிறுத்திய ரோட்டவேட்டர் தானாக இறங்கிவிடுகிறது. ஐந்து முறை ஷோரூமுக்குக் கொண்டுபோய்விட்டேன். 'சீல் மாத்தியாச்சு', 'செட்டிங் பண்ணியாச்சு' என்று அனுப்பிவிடுகிறார்கள். இரண்டு நாளில் பழைய கதைதான். இப்போது, 'உங்க ரோட்டவேட்டர் கனம், வண்டியில குறை இல்லை' என்கிறார்கள். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போவேன் என்றால், 'நீங்க வாடகைக்கு ஓட்டுறீங்க, கேஸ் நிக்காது' என்கிறார் டீலர். குறுவை உழவு நெருங்குகிறது. என்ன செய்வது?"

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்.

பதில்: டீலர் சொல்லும் இரண்டு காரணங்களுமே அப்படியே ஏற்றுக்கொள்ளக் கூடியவை அல்ல. ஆனால், அவற்றை மறுக்க வாய்ப்பேச்சு போதாது. ஐந்து முறை அலைந்தது வாசகருக்குத் தெரியும். ஐந்து முறையும் வந்தது ஒரே பழுதுதான் என்பதைக் காகிதம் சொல்ல வேண்டும். புது வண்டி வழக்குகள் பெரும்பாலும் இந்த ஓர் இடத்தில்தான் ஜெயிக்கின்றன அல்லது தோற்கின்றன.

அதற்கு முன் ஓர் எச்சரிக்கை. தானாக இறங்கும் ரோட்டவேட்டரின் அடியில் கையோ காலோ போகக் கூடாது. கத்தி மாற்றவும், சிக்கிய வைக்கோலை எடுக்கவும் குனிபவர்கள் முதலில் இன்ஜினை நிறுத்தி, ரோட்டவேட்டரைத் தரையில் இறக்கிவிட வேண்டும். தூக்கியே ஆக வேண்டும் என்றால், கனமான மரக்கட்டை அல்லது இரும்பு ஸ்டாண்டு முட்டுக் கொடுக்காமல் பக்கத்தில் போகவே கூடாது. பழுது தீரும்வரை பிள்ளைகளையும் வேலையாட்களையும் எட்டவே நிறுத்துவது நல்லது.

கனம்தான் காரணமா?

45 எச்.பி. டிராக்டர்களின் தூக்கும் திறன் பெரும்பாலும் 1,400 முதல் 1,800 கிலோ வரை இருக்கும். 6 அடி ரோட்டவேட்டரின் எடை ஏறக்குறைய 400 முதல் 500 கிலோ. தன் வண்டியின் தூக்கும் திறன் எவ்வளவு என்பதைக் கையேட்டிலும், ரோட்டவேட்டரின் எடையை அதன் பட்டயத் தகட்டிலும் வாசகர் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.

கனம் அதிகமானால் பொதுவாக, தூக்கும்போதே திணறும். ரிலீஃப் வால்வு திறந்து 'ஙொய்' என்று சத்தம் வரும். காலையில் சுலபமாகத் தூக்கி, சூடான பிறகு மட்டும் இறங்குகிறது என்றால், கனம் என்ற வாதம் வலுவிழந்துவிடும். எண்ணெய் சூடானால் இளகும். குளிர்ந்த எண்ணெய் கடக்க முடியாத சிறு இடைவெளியில், இளகிய எண்ணெய் கசிந்துவிடும். தூக்கியதைப் பிடித்து நிறுத்துவது சிலிண்டரின் பிஸ்டன் சீலும் கன்ட்ரோல் வால்வும்தான். எனவே சந்தேகம் முதலில் அங்கேதான் போக வேண்டும். மாறாக, தூக்குவதே மெதுவாக இருந்தால் பம்ப், வடிகட்டி, எண்ணெய் அளவு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

டீலர் கை நீட்ட இடம் கொடுக்காமல் இருக்க, மூன்று விஷயங்களை வாசகர் தன் பக்கம் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒன்று, ரோட்டவேட்டர் ஓட்டும்போது பொசிஷன் கன்ட்ரோல் நெம்புகோலைத்தான் பயன்படுத்த வேண்டும். டிராஃப்ட் கன்ட்ரோலில் வைத்து ஓட்டினால், கருவி ஏறி இறங்குவது பழுது ஆகாது.

இரண்டு, எண்ணெயின் அளவும் தரமும் கையேட்டில் சொன்னபடி இருக்க வேண்டும்.

மூன்று, டெல்டாவுக்கே உரியது. சேற்றுழவில் தண்ணீர் உள்ளே புகுந்தால், எண்ணெய் மோர் போல வெளுத்துவிடும். அளவுக் குச்சியை எடுத்துப் பார்த்தால் தெரியும். வெளுத்திருந்தால், தண்ணீர் எந்த வழியாக வந்தது என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அதை விட்டுவிட்டு சீலை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தால் பலன் இருக்காது.

அளந்து பார்க்கும் முறை

மத்தியப் பிரதேச மாநிலம், புத்னியில் மத்திய வேளாண் இயந்திரப் பயிற்சி மற்றும் பரிசோதனை நிறுவனம் இருக்கிறது. அங்கே டிராக்டர்களைப் பரிசோதிக்கும்போது, பாரத்தைத் தூக்கி நிறுத்தி, 5 நிமிடங்களுக்கு ஒருமுறை எவ்வளவு இறங்கியது என்று 30 நிமிடங்களுக்கு அளக்கிறார்கள். அதை அறிக்கையிலும் பதிவு செய்கிறார்கள். தன் மாடலுக்கு அந்த அறிக்கை இருக்கிறதா என்று வாசகர் டீலரிடமும், வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்திலும் கேட்டுப் பார்க்கலாம்.

அதே முறையை வீட்டிலும் செய்யலாம். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ரோட்டவேட்டரை முழுதாகத் தூக்கி, இன்ஜினை நிறுத்திவிட வேண்டும். ரோட்டவேட்டரின் பக்கவாட்டில் சாக்கட்டியால் ஒரு குறி போட்டு, பக்கத்தில் அளவு எழுதிய ஒரு குச்சியை நட்டுவைத்தால், எட்ட நின்றே பார்த்துவிடலாம். 5, 10, 15 நிமிடங்கள் என்று 30 நிமிடம்வரை எத்தனை சென்டிமீட்டர் இறங்கியது என்று குறிக்க வேண்டும். காலையில் குளிர்ந்த நிலையில் ஒருமுறை, ஒரு மணி நேர உழவுக்குப் பிறகு ஒருமுறை. மணி மீட்டர் காட்டும் எண், தேதி, நேரம் மூன்றும் நோட்டில் ஏற வேண்டும். செல்போனில் வெட்டாமல், ஒட்டாமல் ஒரே ஓட்டமாக வீடியோ எடுத்து, அந்தப் பதிவை அந்த போனிலேயே வைத்திருப்பது நல்லது.

'கொஞ்ச நேரத்துல இறங்கிடுது' என்பதை யாரும் மறுக்கலாம். 'சூடான பிறகு 10 நிமிடத்தில் 14 சென்டிமீட்டர்' என்பதை மறுக்க, எதிராளியும் அளந்துதான் ஆக வேண்டும்.

ஜாப் கார்டில் என்ன இருக்க வேண்டும்?

வண்டி ஷோரூமுக்குள் நுழைந்தவுடன் ஜாப் கார்டு எழுதுகிறார்கள். அதில் 'ஜெனரல் செக்கப்', 'ஹைட்ராலிக் அட்ஜஸ்ட்மென்ட்' என்று இரண்டு வார்த்தை போட்டுவிட்டால், ஐந்து முறை வந்த ஒரே பழுது, ஐந்து சாதாரண சர்வீஸாக மாறிவிடும். வாசகர் தன்னிடம் இருக்கும் ஐந்து ஜாப் கார்டுகளையும் எடுத்துப் பார்த்தால், இது புரிந்துவிடும்.

பழுதுக்குக் காரணம் என்ன என்று விவசாயி சொல்லத் தேவையில்லை. 'சீல் போயிடுச்சு' என்று அவரே சொன்னால், சீலை மாற்றிவிட்டு 'சொன்னதைச் செய்தோம்' என்று முடித்துவிடுவார்கள். சொல்ல வேண்டியது அறிகுறியை மட்டும்தான். ஆறாவது முறை இப்படி எழுத வைக்கலாம்:

'ஒரு மணி நேர வேலைக்குப் பிறகு, ரோட்டவேட்டரை முழுதாகத் தூக்கி இன்ஜினை நிறுத்தினால், 10 நிமிடத்தில் இத்தனை செ.மீ. இறங்குகிறது. இதே குறைக்காக ஏற்கெனவே இன்னின்ன தேதிகளில் வண்டி கொண்டுவரப்பட்டது.'

எழுத மறுத்தால், அதையே ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரையுடன் கையெழுத்து வாங்கலாம். அதற்கும் மறுத்தால், அன்றைக்கே மின்னஞ்சலிலோ தபாலிலோ அனுப்பிவிட வேண்டும். வாங்கிய நாள் முதல் செய்த வேலைகளின் பட்டியலை, அதாவது சர்வீஸ் ஹிஸ்டரியை, கணினியிலிருந்து அச்செடுத்துத் தரும்படியும் கேட்கலாம். கழற்றிய பழைய பாகத்தைக் கண்ணால் பார்த்துவிடுவது நல்லது.

வண்டியைத் திரும்ப எடுக்கும்போது நீட்டப்படும் 'திருப்தி' படிவத்தில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது. 'சூடான நிலையில் வயலில் ஓட்டிப் பார்த்த பிறகே பழுது தீர்ந்ததா என்று சொல்ல முடியும்' என்று எழுதி, அதன்கீழ் கையெழுத்திடலாம்.

செய்யக் கூடாத மூன்று

வெளிப் பட்டறையில் ஹைட்ராலிக்கைப் பிரிக்கக் கூடாது. நல்ல மெக்கானிக்காகவே இருந்தாலும், அவர் கை பட்ட மறுநாள் 'வெளியாள் பிரித்ததால்தான் கெட்டது' என்ற வாதம் வந்துவிடும். வாரன்டியும் கேள்விக்குள்ளாகும்.

வங்கித் தவணையை நிறுத்தக் கூடாது. வண்டி ஓடவில்லை என்பதைக் கடன் கொடுத்தவர் காரணமாக ஏற்க மாட்டார்.

இலவச சர்வீஸ்களைத் தவறவிடக் கூடாது. 50 மணி, 250 மணி என்று கையேடு சொல்லும் ஒவ்வொரு சர்வீஸும் அந்தந்த நேரத்தில் நடந்து, சர்வீஸ் புத்தகத்தில் முத்திரை விழுந்திருக்க வேண்டும்.

இன்னொரு விஷயம். வாகன இன்ஷூரன்ஸ் விபத்து, திருட்டு போன்றவற்றுக்குத்தான் உதவும். தானாக வந்த இயந்திரக் கோளாறுக்கு, வழக்கமான பாலிசியில் பணம் கிடைக்காது.

கெடு வைத்து ஒரு கடிதம்

ஆறாவது முறையும் தீரவில்லை என்றால், டீலருக்கும் தயாரிப்பு நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக்கும் ஒரே கடிதத்தைத் தபாலில், போய்ச் சேர்ந்ததற்கு ஒப்புகை வரும் வகையில் அனுப்ப வேண்டும். வாங்கிய தேதி, விலை, சேசிஸ் எண், இன்ஜின் எண், ஒவ்வொரு முறையும் வண்டி போன தேதி, மணி மீட்டர் எண், ஷோரூமில் நின்ற நாள்கள், சொல்லப்பட்ட காரணம் ஆகியவை அதில் வரிசையாக இருக்க வேண்டும். கோபமும் வசவும் வேண்டாம்.

கேட்க வேண்டியவை மூன்று. பழுதின் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். 15 நாள்களுக்குள் நிறுவனத்தின் பொறியாளர் நேரில் வந்து, வயலில் ஓட்டிப் பார்த்துச் சரிசெய்து, அந்தப் பாகத்துக்குத் தனியாக வாரன்டி நீட்டிக்க வேண்டும். முடியாவிட்டால் வண்டியை மாற்ற வேண்டும் அல்லது பணத்தைத் திருப்ப வேண்டும்.

அரசு மானியத்தில் வாங்கிய வண்டி என்றால், கடிதத்தின் நகலை வேளாண்மைப் பொறியியல் துறையின் உபகோட்ட அலுவலகத்தில் உதவி செயற்பொறியாளரிடமும் கொடுக்க வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் தமிழிலேயே புகாரைப் பதியலாம், கட்டணம் கிடையாது. அவர்கள் தீர்ப்பு சொல்வதில்லை. ஆனால், புகார் நிறுவனத்தின் மேலிடத்துக்குப் போகும். பல பிரச்னைகள் அங்கேயே முடிந்துவிடுவதும் உண்டு.

இந்த நாள்களில் வாடகை டிராக்டர் வைத்து உழுதிருந்தால், அதற்குக் கொடுத்த பணத்துக்குத் தேதி போட்ட ரசீது வாங்கி வைக்க வேண்டும். நஷ்டஈடு கேட்கும்போது கணக்கு காட்ட வேறு ஆதாரம் இருக்காது.

வாடகைக்கு ஓட்டினால் வழக்கு நிற்காதா?

டீலரின் இந்த மிரட்டலில் பாதி உண்மைதான் இருக்கிறது. வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்கியவர் நுகர்வோர் ஆக மாட்டார் என்கிறது 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். ஆனால், சுயதொழில் செய்து தன் பிழைப்பைப் பார்த்துக்கொள்வதற்காக மட்டுமே வாங்கியிருந்தால், அது வணிக நோக்கம் அல்ல என்று அதே சட்டம் விளக்கம் சொல்கிறது.

இதற்கு முன்பிருந்த 1986-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், 1995-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. வழக்கில் ஒரு தரப்பு கோயம்புத்தூரைச் சேர்ந்த நிறுவனம். பிழைப்புக்காக ஆட்டோ வாங்கித் தானே ஓட்டுபவர் நுகர்வோர்தான்; லாரியோ இயந்திரமோ வாங்கித் தானே இயக்குபவரும் அப்படியே. உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அந்த உரிமை போய்விடாது. முழுக்க முழுக்க வேறொருவர் இயக்குவதற்காக வாங்கியிருந்தால்தான் நுகர்வோர் அல்ல.

ஆகவே, சொந்த வயலை உழுது, மீதி நேரத்தில் ஊராருக்கும் தானே ஓட்டிக் கொடுக்கும் விவசாயி பயப்பட வேண்டியதில்லை. சொந்த நிலம் எவ்வளவு, வண்டியை ஓட்டுவது யார், குடும்பத்தின் பிழைப்பு எதை நம்பி இருக்கிறது என்பதைப் புகாரின் முதல் பத்தியிலேயே சொல்லிவிட வேண்டும். நான்கைந்து வண்டி வாங்கி, டிரைவர் போட்டு வாடகைக்கு விடுபவருக்குத்தான் இந்த வாதம் சிக்கலாகும்.

ஆணையத்தில் என்ன நடக்கும்?

கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால், மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். ஷோரூம் வேறு மாவட்டத்தில் இருந்தாலும், விவசாயி குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்ய முடியும். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய்; இந்த வாசகருக்கு இதுதான் பொருந்தும். வக்கீல் கட்டாயம் இல்லை. டீலர், தயாரிப்பு நிறுவனம் இருவரையுமே எதிர்தரப்பாகச் சேர்க்க வேண்டும்.

புகார் கொடுக்கக் கெடு 2 ஆண்டுகள். பழுது முதலில் தெரிந்த நாளிலிருந்து எண்ணிக்கொள்வதுதான் பாதுகாப்பு. 'பார்க்கலாம், செய்யலாம்' என்று கடிதப் போக்குவரத்து நடந்துகொண்டிருப்பதால் மட்டும் கெடு நீளாது.

நோட்டீஸ் கிடைத்த 30 நாள்களுக்குள் எதிர்தரப்பு பதில் தர வேண்டும். அதிகபட்சம் இன்னும் 15 நாள்கள் கிடைக்கலாம். அதற்கு மேல் அவகாசம் கிடையாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு உறுதி செய்திருக்கிறது. சாதாரண வழக்கை 3 மாதத்திலும், பரிசோதனை தேவைப்படும் வழக்கை 5 மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் இதைவிடக் கூடுதலாகவே ஆகிறது என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பரிசோதித்தால்தான் தெரியும் என்ற குறையாக இருந்தால், நிபுணர் ஆய்வுக்கு உத்தரவிடும்படி ஆணையத்தில் தனி மனு போட வேண்டும். அதற்கான செலவை முதலில் புகார்தாரர் கட்ட வேண்டியிருக்கும். 'உற்பத்தியிலேயே குறை' என்று நிபுணர் அறிக்கை சொன்னால் வழக்கின் எடையே மாறிவிடும். அதனால், இதைத் தவறவிடவே கூடாது.

*

கேள்வி: "நான்கு மாதங்களுக்கு முன்பு புது கார் வாங்கினேன். மழை பெய்தால் முன்சீட்டுக்குக் கீழே மிதியடி நனைந்துவிடுகிறது. மூன்று முறை பசை வைத்து அடைத்தார்கள். இன்னமும் ஒழுகுகிறது. புது காரே மாற்றித் தர வேண்டும் என்று கேட்கலாமா?"

- ஒரு தென்னை விவசாயி, நாமக்கல் மாவட்டம்.

பதில்: கேட்கலாம். ஆனால், கிடைப்பது சுலபம் இல்லை. மாற்ற முடிந்த பாகத்தில் குறை என்றால், வாரன்டி சொல்கிறபடி அந்தப் பாகத்தைச் சரிசெய்வதோ மாற்றுவதோதான் நிறுவனத்தின் பொறுப்பு. காரையே மாற்ற உத்தரவிட முடியாது என்று 2006-ல் ஒரு கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அலைச்சலுக்காக 50,000 ரூபாய் தர வைத்தது. அதேசமயம், விபத்தில் காற்றுப்பை விரியாத ஒரு காரை மாற்றித் தரச் சொன்ன உத்தரவை, 2022-ல் அதே நீதிமன்றம் உறுதி செய்தது. குறை எவ்வளவு ஆழமானது, எத்தனை முறை முயன்றும் தீரவில்லை, உயிருக்கு ஆபத்து உண்டா என்பவைதான் தீர்ப்பைத் தீர்மானிக்கின்றன.

எனவே முதலில், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். மழை இல்லாத நாளில் ஏ.சி. போட்டு ஓட்டினாலும் நனைகிறது என்றால், ஏ.சி. தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கலாம். மழையில் மட்டும் என்றால், முன்கண்ணாடியின் கீழ் இருக்கும் வடிகாலைப் பார்க்க வேண்டும். மரத்தடியில் நிறுத்தும் கார்களில், தென்னம்பூவும் சருகும் விழுந்து அது அடைத்துக்கொள்வது சகஜம். அப்படியானால், அது உற்பத்திக் குறை ஆகாது. சுத்தம் செய்தால் போதும். இரண்டும் இல்லை என்றால், சர்வீஸ் சென்டரிலேயே தன் கண் முன்னால் குழாய்த் தண்ணீர் அடித்துப் பார்க்கச் சொல்லி, கசியும் இடத்தை ஜாப் கார்டில் எழுத வைக்க வேண்டும். பசை வைப்பது கசிவை மறைக்கும். கதவு ரப்பரோ, கண்ணாடிப் பொருத்தமோ, பாடியின் இணைப்போ, எது காரணமோ அதை மாற்றினால்தான் தீரும். ஈரம் தங்கினால் மிதியடிக்குக் கீழே செல்லும் மின் இணைப்புகள் துருப்பிடிக்கும். அதனால் தள்ளிப்போடக் கூடாது. அலைந்ததற்கான நஷ்டஈட்டையும், வாரன்டி நீட்டிப்பையும் சேர்த்துக் கேட்பது நியாயம்தான். காரின் விலை 10 முதல் 20 லட்சம் என்றால், ஆணையத்தில் கட்டணம் 400 ரூபாய்.

புது வண்டி எடுக்கப்போகும் மற்ற வாசகர்களுக்கு ஒரு குறிப்பு. சாவி வாங்கும் முன், தயாரித்த மாதம், ஆண்டு, ஓடிய தூரம் அல்லது மணி, சேசிஸ் எண் ஆகிய நான்கும் ரசீதோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துவிட வேண்டும். ஏற்கெனவே 622 கிலோமீட்டர் ஓடிய 2009-ம் ஆண்டு காரை, 2011-ல் ஒரு டீலர் புது கார் என்று விற்ற வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. அந்த விற்பனை நிறுவனத்துக்குத் தெரிந்து நடந்ததாக நிரூபிக்கப்படாததால், தயாரிப்பு நிறுவனத்தின் மீது பொறுப்பைச் சுமத்த முடியாது என்று 2021-ல் தீர்ப்பு வந்தது. டீலர் செய்த தவறு எது, நிறுவனம் செய்த தவறு எது என்று பிரித்து எழுதாத புகார், பாதி வழியில் நின்றுவிடும் என்பதற்கு அது ஒரு பாடம். வாரன்டி அட்டை, ஜாப் கார்டு, ரசீது எல்லாவற்றையும் ஒரே கோப்பில் தேதி வாரியாகப் போட்டு வைக்க, வண்டி எடுக்கும் அன்றைக்கே ஒரு கோப்பு வாங்கிவிடுவது நல்லது.